ஏழு பேர்ச் காணியும் ஊரார் காசும்

பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி வெல்லவாய ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் தகரக் கூரை போட்ட கடை ஒன்று வரும். பெயர்ப்பலகை கிடையாது. லெச்சுமியக்கா கடை என்றால் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறவன் முதல் அப்புத்தளைத் தபால்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். விஜயலெட்சுமி என்ற முழுப்பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. பிறகு வரிக் கந்தோரின், அதாவது வரி அலுவலகத்தின், பதிவிலும் ஏறியது. ஏறாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறவர்கள் நிறையப் பேர். அன்றைக்குச் சொல்ல ஒரு நாய் இல்லை.

கடையில் மாவு, சீனி, பருப்பு, கருவாடு, சவர்க்காரம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில். விடியற்காலையில் மேலே ஏறுகிற மரக்கறி லொறிக்காரர்களுக்கு ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும். அப்புத்தளைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி ரோட்டை மூடிக்கொண்டாலும் லொறிகள் அந்த இடத்தில் தடவிப் பிடித்து நிற்கும்.

லெச்சுமி கடைக்காரியாகப் பிறந்தவள் அல்ல. மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருசன் கிருஷ்ணராஜ் தோட்டத்து லொறி டிரைவர். மகள் தனுஜா கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு மழைநாளில், இந்தப் பெரகல இறக்கத்தில்தான் லொறி உருண்டது. அவனுடைய சேமலாப நிதிக் காசு கைக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் படை திரண்டு வந்தார்கள். மச்சினனுக்கு ஓட்டோ வேண்டுமாம், நாத்தனார் மகள் சடங்குக்குச் சங்கிலி வேண்டுமாம். அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. புருசன் செத்த வளைவுக்குக் கீழேயே கடை போட்டாள். நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். அந்த நெஞ்சு அழுத்தமாக இல்லாவிட்டால் காசு மூன்று மாதத்தில் கரைந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சொந்தக்காரர்கள் வாசலிலேயே போய் நின்றிருப்பாள். அப்போது ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருப்பார்களா? நல்லாக் கொடுத்திருப்பார்கள்!

கடை வாடகைக் கடை. குடியிருப்பதோ லயத்துக் காம்பரா, தொழிலாளர் வரிசை வீட்டில் ஒற்றை அறை, அது தோட்டத்துக்குச் சொந்தம். லெச்சுமியின் அப்பன் அந்தக் காம்பராவில் பிறந்து, அதிலேயே பிள்ளை பெற்று, அதிலேயே செத்துப்போனார். பிரஜாவுரிமைக்குக்கூட கந்தோர் கந்தோராக அலைந்து, அது கிடைக்கிற காலத்தில் அவர் இல்லை. அதனால் லெச்சுமிக்கு ஒரே ஒரு ஆசை. கடைக்குப் பின்னால் ஏழு பேர்ச் காணி, ஒரு சின்ன வீடு கட்டப் போதுமான நிலம், கிடந்தது, வெல்லவாய முதலாளி ஒருவருக்குச் சொந்தமானது. வெறும் கல்லும் மானாப் புல்லும்தான். ஒரு தைப்பொங்கல் முடிந்த கையோடு அவள் முதலாளிக்கு அட்வான்ஸ் கட்டினாள். மிச்சத்துக்கு வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தது பேங்கில் இருந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தது, அதற்கு லோன் போடலாம் என்று இருந்தாள்.

"லய நம்பர் இல்லாம ஒரு விலாசம்டி. ஒன் கல்யாணக் கார்டுல அதத்தான் அடிப்பேன்" என்று மகளிடம் சொல்லுவாள். தனுஜா பந்தாரவளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க என்று சிரிப்பாள். அந்த ஏழு பேர்ச்சை நினைக்காமல் லெச்சுமி ஒரு நாளும் கடை திறந்ததில்லை.

இனி அந்தப் பேங்குக் கணக்கின் கதைக்கு வருவோம். தோட்டத்துப் பெண் ஒருத்தி பேங்குக்குப் போவதென்றால் லேசான காரியமா? தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ரோட்டுக்கு இறங்க வேண்டும், பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், அப்புத்தளையில் வரிசையில் நிற்க வேண்டும், தெரியாத பாஷையில் அடித்த படிவத்தை யாரையாவது கெஞ்சி நிரப்ப வேண்டும். அன்றைய நாள் கூலி போச்சு. வீடு திரும்பினால் "எவ்வளவு எடுத்த?" என்று வாசலில் ஒருத்தன் நிற்பான். கார்டு எடுத்துக் கொடுத்தால் அதைவிட மோசம். காசு எடுக்கிற மெஷினுக்கும் சாராயத் தவறணைக்கும் இடையில் நாலு கடைதான்.

அதனால் எல்லோரும் லெச்சுமியின் கணக்கு நம்பரைக் கொடுத்தார்கள். அவள்தான் சாமான் எடுக்க வாரம் தவறாமல் டவுனுக்குப் போகிறவள் ஆயிற்றே. முதலில் கேட்டவள் பெரியாயி. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள். கிருஷ்ணராஜ் செத்த வாரம் முழுக்க, லெச்சுமிக்குப் பால் வற்றிப்போனபோது, தன் மகளோடு சேர்த்துத் தனுஜாவுக்கும் பால் கொடுத்தவள். அந்த மகள் வளர்ந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

"லெச்சுமி, காசு ஒன் கணக்குக்கே வரட்டும். நான் சாமான் வாங்குற மாதிரி வந்து வாங்கிக்கிறேன். எம் புருசன், அந்தாளுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒத்த சதம் மிஞ்சாது, நானும் மிஞ்ச மாட்டேன்" என்றாள் பெரியாயி.

"மாரியம்மா மேல சத்தியமா என் வாயில இருந்து வராது, போ" என்றாள் லெச்சுமி.

அப்புறம் அதே தோட்டத்துக் கருப்பம்மாவின் மகன்கள் கொழும்பிலிருந்து அனுப்பியது வந்தது. சவூதிக்குப் போனவர்களின் காசு வந்தது. கடைசியில் மாரியம்மன் கோவில் திருவிழாக் காசும் வந்தது. கோவில் தலைவர் வீரய்யா, "நம்ம லெச்சுமி கணக்குல கெடந்தா அம்மா மடியில கெடந்த மாதிரி" என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். லெச்சுமி யாரிடமும் ஒரு ரூபாய் கமிசன் எடுத்ததில்லை. கடைக் காசும் அதே கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, கடைக்கு வேற கணக்கு வைங்க. எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டாதீங்க" என்று தனுஜா எத்தனையோ தரம் சொன்னாள்.

"எது யாரு காசுன்னு எனக்குத் தெரியும்டி" என்பாள் லெச்சுமி. அது உண்மைதான், ஒரு சதம் மாறாமல் அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பது அன்றைக்கு ஒரு குறையாகவே படவில்லை.

சிறு வியாபாரிகளுக்கு வரி பற்றி விளக்கம் சொல்லப்போகிறார்கள் என்று அப்புத்தளையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வரி நம்பர் எல்லோரும் எடுக்க வேண்டும், எடுப்பதனால் மட்டும் வரி கட்ட வேண்டியதில்லை, பயப்படாதீர்கள் என்று ஒரு ஐயா நல்ல தமிழில் பேசினார். பணிசும் டீயும் வந்ததும் முக்கால்வாசிப் பேர் நழுவிவிட்டார்கள். லெச்சுமி கடைசி வரை இருந்தாள். லோனுக்கு வரிப் பதிவு கேட்பார்கள் என்பது ஒரு காரணம். அதோடு, அப்பனுக்கு ஒரு கடுதாசி கொடுக்காத அரசாங்கம் தன்னை வா என்று கூப்பிட்டு ஒரு நம்பர் கொடுக்கிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் பூரிப்பு. நம்பர் வந்த கடிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை அடித்துக் கடையில் சாமிப் படங்களுக்குக் கீழே மாட்டி வைத்தாள். விபூதி பூசும்போது அதற்கும் ஒரு விரல் பூசுவாள், பைத்தியக்காரி.

வரிப் பத்திரம் நிரப்ப பந்தாரவளையில் ஷாஹ்மியிடம் போனாள். ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் மேசை போட்டு, சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற பையன். நல்ல பையன். பேங்குக் கணக்கின் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"அக்கா, ஒண்டு கேக்குறன். இந்தக் கணக்குக்கு வாற சல்லி முழுக்க கடைட சல்லியா? வேற யார்ட சல்லியும் இதுல இல்லதானே?"

லெச்சுமிக்குப் பெரியாயியின் முகம் நினைவுக்கு வந்தது, மாரியம்மன் மேல் செய்த சத்தியம் வந்தது. மறைப்பானேன், பெரிய வியாபாரமாகத் தெரிந்தால் லோன் சுலபமாகக் கிடைக்கும் என்ற சின்ன ஆசையும் கூடவே வந்தது.

"எல்லாம் கடைக் காசுதான் தம்பி" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் செல்லுங்க. கைச்சாத்து வெச்சா அது நீங்க செஞ்ச சத்தியம் மாதிரி."

"அதான் சொல்லிட்டேன்ல."

ஷாஹ்மி எழுதினான். லெச்சுமி தமிழில் நீட்டி நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாரி மழை தொடங்கும்போது பதுளை வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. இவ்வளவு வியாபாரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்குச் சாமான் வாங்கிய பில்கள் எங்கே என்று கேட்டார்கள். சந்தையில் கருவாட்டுக்காரனிடம் பில் கேட்டால் அவன் கேட்டவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். இருந்த பில்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவை கணக்கில் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. மற்றதெல்லாம் லாபம் என்று வைத்து, முந்திய வருசங்களையும் சேர்த்து, தண்டப்பணமும் போட்டு ஒரு தொகை வந்தது. ஏழு பேர்ச்சுக்குச் சேர்த்ததை அப்படியே கொடுத்தாலும் அதற்குப் போதாது.

கந்தோர்ப் பெண் கடுமையாகப் பேசவில்லை. தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, இது உங்க காசு இல்லன்னா, யாரு காசுன்னு காட்டுங்க. ஒரு மாசம் டைம் இருக்கு. காட்டினா அந்தத் தொகைய நாங்க வெட்டுவோம்."

அன்று பஸ்ஸில் வரும்போதே லெச்சுமி ஷாஹ்மிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அக்கா, ஏன்க்கா அண்டைக்கே செல்லல்ல? குவைத்துல இருந்து மகள் உம்மாக்கு அனுப்புற சல்லி ஒங்கட வருமானமே இல்ல. அதுக்கு ஒரு சதம் வரி வராது. கோயில் சல்லியும் அப்பிடித்தான். நான் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டியிருப்பன்."

"இப்ப என்ன செய்யுறது தம்பி?"

"ஆக்கள் வந்து, இது எங்கட சல்லிதான்டு ஜே.பி, அதான் சமாதான நீதவான் ஒருத்தருக்கு முன்னால சத்தியக்கடதாசி குடுக்கணும். குடுத்தா தப்பலாம். இன்னொண்டு, இனி அந்தக் கணக்குக்கு யாரையும் சல்லி போடச் செல்ல வாணாம். தப்பித் தவறிப் போட்டாலும் அது வரிக்குப் போயிரும்."

மறுநாளே கடையை மத்தியானத்தோடு சாத்திவிட்டு லெச்சுமி மேலே ஏறினாள். முதலில் கோவிலுக்குப் போனாள். திருவிழாவுக்குக் கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வீரய்யா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தங்கச்சி, கோவில் காசுன்னு எழுதிக் குடுத்தா கோவில் எங்க பதிஞ்சிருக்குன்னு கேப்பாங்க. நம்ம கோவில் பதியலயே. நாளைக்கு நமக்கும் ஒரு கடிதம் வரும். அம்மாவக் கந்தோருக்கு இழுக்கச் சொல்றியா?" என்றார்.

"அம்மா காசு என் கணக்குல கெடந்தப்ப அம்மா பயப்படலியேண்ணே?"

வீரய்யா பெயின்ட் அடிக்கிறவனைப் பார்த்து, அந்த மயிலுக்கு இன்னும் கொஞ்சம் நீலம் போடு என்றார். பிறகு, கமிட்டி கூடி முடிவு சொல்கிறோம் என்றார். கமிட்டி கூடியது, டீ குடித்தது, கலைந்தது. முடிவு வரவே இல்லை.

கருப்பம்மா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அஸ்வெசும என்கிற அரசாங்கக் கொடுப்பனவு அவள் வீட்டுக்கு வருகிறது. மகன்கள் அனுப்புகிற காசைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம் அவள் மூச்சு விட்டதில்லை.

"கையெழுத்துப் போட்டா அஸ்வெசும நின்னுரும்க்கா. அடுப்பு எரியாது. நீங்க ஏதாவது சொல்லிச் சமாளிங்க. கடக்காரி, ஒங்களுக்குத் தெரியாததா?"

"சமாளிச்சதுதான்டி இங்க வந்து நிக்கிது."

"அய்யோ, எனக்கு அதெல்லாம் வெளங்காதுக்கா" என்று கருப்பம்மா குனிந்து மறுபடி துணியைக் கும்மினாள். மற்ற வீடுகளிலும் இதே கதை. ஒருத்தி வீட்டிலிருந்துகொண்டே இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்ல வைத்தாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. லெச்சுமிக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருசம் பொத்திப் பொத்திக் கொடுத்தேனே, எவளுக்காவது ஒரு சதம் குறைந்ததா என்று வழி நெடுகத் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தாள்.

பெரியாயி மாட்டேன் என்று சொல்லமாட்டாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். குவைத்துக் காசுதான் எல்லாவற்றிலும் பெரியது, அது ஒன்று நீங்கினாலே காணி தப்பும் என்று ஷாஹ்மியும் சொல்லியிருந்தான். பெரியாயி அவளைக் கண்டதும் கையைப் பிடித்து லயத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புருசன் உள்ளே படுத்திருந்தான்.

"எல்லாம் கேள்விப்பட்டேன்டி. எனக்கு நேத்துல இருந்து சோறு எறங்கல" என்றாள்.

"நீ மட்டும் ஒரு கையெழுத்துப் போடு, பெரியாயி. மத்தவளுக எக்கேடும் கெட்டுப் போகட்டும்."

பெரியாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "ஜே.பி யாரு? அப்புத்தளக் கடவீதியில இருக்குற மனுசன்தானே? அந்தாளு அவருகிட்டதான் போன மாசமும் காசு கைமாத்து வாங்கியிருக்கு. ஒரே நாள்ல தெரிஞ்சிரும். புள்ள இத்தன வருசமா எவ்வளவு அனுப்பிச்சுன்னு தெரிஞ்சா என்னைய உசுரோட விடுவானா? போன தடவ கை ஒடிஞ்சத நீதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன?"

"பதுளையில வேற ஜே.பி பாப்போம்."

"கந்தோருல கூப்பிட்டு விசாரிப்பாங்கல்ல? கடிதம் வீட்டுக்குத்தானே வரும்?"

வரத்தான் வரும். பெரியாயியின் இடது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது, லெச்சுமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் கெஞ்சினால், தனுஜாவுக்குக் கொடுத்த பாலைப் பெரியாயி வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் இருவருக்கும் அது நினைவில் இருக்கும்.

"சரி விடு. மகள்கிட்ட சொல்லிரு, இனி என் கணக்குக்குப் போட வேணாம். மறந்துறாத" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

"சொல்றேன்டி. அவ போன் அங்க வீட்டுக்காரிகிட்டதான் இருக்கு, மாசத்துக்கு ஒருக்காதான் குடுப்பா. குடுத்தா சொல்லிர்றேன்" என்று பெரியாயி பின்னாலிருந்து சொன்னாள்.

ஷாஹ்மி இன்னொரு வழியும் சொன்னான். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், பெயர்களை மட்டும் லெச்சுமி எழுதிக் கொடுத்தால் போதும், கந்தோரே கூப்பிட்டு விசாரிக்கும் என்றான். தனுஜா பேனையையும் பேப்பரையும் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தாள்.

"எழுதுங்கம்மா. அவங்க ஒங்களப் பத்தி நெனச்சாங்களா?"

"எழுதினா பெரியாயி வீட்டு வாசல்ல கடிதம் நிக்கும்."

"நிக்கட்டும். நம்ம காணி?"

"அவள அவன் அடிச்சுக் கொன்னுட்டா அந்தக் காணியில நான் எப்படிடி குடியிருக்க?" என்று லெச்சுமி கத்தினாள். தனுஜா பேப்பரைக் கசக்கி எறிந்துவிட்டு, அழுதுகொண்டே பந்தாரவளை பஸ்ஸுக்குப் போனாள். ஒரு மாதமும் ஓடிப்போனது.

அப்புறம் நடந்தது சட்டப்படி நடந்தது. பேங்குக்கு உத்தரவு வந்தது, ஊரார் காசை ஏற்கெனவே எடுத்துக் கொடுத்துவிட்டதால் கணக்கில் மிச்சமிருந்த அவள் சேமிப்பு முழுவதும் வரிக்குப் போனது, அப்போதும் பாக்கி நின்றது. லெச்சுமி அன்றைக்கும் விடியற்காலையில் ரொட்டி தட்டினாள். வெல்லவாய முதலாளியிடம் போய் விசயத்தைச் சொன்னாள். மனிதர் இரக்கப்பட்டு, அட்வான்ஸ் அப்படியே இருக்கட்டும், அடுத்த தீபாவளி வரை பொறுக்கிறேன் என்றார். கடையை மட்டும் நம்பி, காதில் கிடந்ததையும் அடகு வைத்து, தவணை தவணையாகக் கட்டிவிடலாம் என்று அவள் மறுபடி கணக்குப் போட்டாள். ஏழு பேர்ச்சுக்கும் அவளுக்கும் நடுவில் அந்த அட்வான்ஸ் ஒன்றுதான் மிச்சமிருந்த கயிறு.

அந்த மாதக் கடைசியில் லெச்சுமியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கணக்கில் காசு விழுந்திருக்கிறது. பெரிய தொகை. யார் போட்டது என்று யோசிக்கவே தேவையில்லை. கையிலிருந்த மாவைக் கழுவாமல் அவள் அப்புத்தளைக்கு ஓடினாள். பேங்கில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, அது அப்போதே வரிப் பாக்கிக்குப் போய்விட்டது என்றாள். திருப்ப முடியாதா என்று கேட்டாள் லெச்சுமி. கணக்கு உங்கள் பெயரில்தானே இருக்கிறது என்றாள் அந்தப் பெண், அவளுக்கும் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை, லொறிக்காரர்கள் வரிசையாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெரியாயி வந்தாள். வழக்கமாகப் பையைப் பிடித்துக்கொண்டு, ஆட்கள் போகும்வரை ஓரமாக நிற்கிறவள், அன்றைக்கு நேராக வந்தாள். முகத்தில் ஒரே சிரிப்பு.

"புள்ள நேத்து பேசுச்சுடி. ஒப்பந்தம் முடிஞ்சு மிச்சச் சம்பளத்த மொத்தமா போட்டுட்டாளாம். அடுத்த மாசம் வந்துருவா. எடுத்து வச்சிருக்கியா?" என்று குனிந்து காதோடு கேட்டாள்.

"சொல்லச் சொன்னேனே, பெரியாயி. என் கணக்குக்குப் போட வேணாம்னு சொல்லச் சொன்னேனே."

"போன் குடுத்ததே நேத்துத்தான். அதுக்குள்ள போட்டுட்டா. ஏன், என்னா ஆச்சு?"

லெச்சுமி சொன்னாள். சொல்லி முடிக்கிறதற்குள் பெரியாயி கடைப் பலகையில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். டீக் கிளாஸ்கள் உருண்டன.

"அது என் மக காசு!" என்று கத்தினாள். "என் மக இத்தன வருசமா அடுத்தவ வீட்டுக் கக்கூசு கழுவின காசு! கேட்டுக்கங்க எல்லாரும்! இவ காசு இல்ல, என் காசு! இவ கணக்குல இருந்ததெல்லாம் என் காசு! மாசா மாசம் வந்தது என் காசு!"

ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். லொறிக்காரர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற மேல் டிவிசன்காரர்கள் சிலர் கூட்டத்தில் இருந்தார்கள். எந்த வாய் ஜே.பிக்கு முன்னால் இதைச் சொல்லப் பயந்ததோ அந்த வாய் சந்தி நடுவில் நின்று அலறியது. கூட்டத்தில் பெரியாயியின் புருசனோடு குடிக்கிறவன் ஒருத்தனும் நின்றான். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"இதத்தான்டி பெரியாயி நான் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன்" என்றாள் லெச்சுமி. பெரியாயிக்கு அது கேட்டதோ என்னவோ, அப்படியே ரோட்டோரத்தில் குந்தி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். லெச்சுமி வெளியே வந்து அவள் பக்கத்தில் குந்தினாள். தொட்டுத் தூக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரமே வெல்லவாயவுக்குப் போனாள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டாள். முதலாளி நல்லவர்தான், ஆனாலும் வாக்குத் தவறியதற்கு ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். காதில் கிடந்ததையும் விற்று அதோடு சேர்த்தாள். தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் வைத்துப் பெரியாயியின் கையில் கொடுத்தாள். பெரியாயியின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. புருசனுக்கு அன்றைக்கே செய்தி போயிருந்தது. அவள் காசை எண்ணிப் பார்க்கவில்லை. லெச்சுமியின் வெறும் காதைப் பார்த்தாள், பிறகு மண்ணைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பெரியாயி சாமான் வாங்க அப்புத்தளைக்குத்தான் போகிறாள்.

கடைக்குப் பின்னால் இருந்த மானாப் புல்லை யாரோ வெட்டி, வேலி போட ஆட்களை விட்டிருக்கிறார்கள். கம்பி இழுக்கிறவர்களுக்கு லெச்சுமிதான் டீ போட்டுக் கொடுக்கிறாள். பிளாஸ்டிக் உறை அடித்த கடிதம் இன்னும் சாமிப் படத்துக்குக் கீழேதான் இருக்கிறது. பாக்கித் தவணை கட்டும்போது அந்த நம்பரைச் சொல்ல வேண்டும் என்பதால் கழற்றவில்லை. விபூதி மட்டும் பூசுவதில்லை.

தீபாவளிக்கு முதல் வாரம் கருப்பம்மா கடைக்கு வந்தாள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, பயலுக போனஸ் போடுறாங்களாம். அந்தப் பழைய கணக்கு வேணாம். நீங்க புதுசா ஒண்ணு தொறந்திருந்தீங்கன்னா நம்பரக் குடுங்கக்கா."

லெச்சுமி அவளையே பார்த்தாள். திட்ட வேண்டும்போல இருந்தது. நல்லதாக நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கருப்பம்மாவின் முகத்திலோ ஒரு துளி வஞ்சகம் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"எங்கிட்ட இப்ப கணக்கும் இல்ல, காணியும் இல்ல கருப்பம்மா. வேற என்ன வேணும்?"

"அரைக் கிலோ மாவு" என்றாள் கருப்பம்மா. "எழுதிக்கங்கக்கா. சம்பளத்துக்குத் தாரேன்."

லெச்சுமி மாவை நிறுத்தாள்.